சட்டம் சொன்ன மறுப்பும் சிப்பந்தி வாங்கிய அடியும்

போரூரிலிருந்து பூந்தமல்லி செல்லும் பெருஞ்சாலையில், ஐயப்பன்தாங்கல் மாநகரப் பேருந்துப் பணிமனையின் வாசலில் நின்று சற்றே யோசிப்பவருக்கு, நமது தேசத்துச் சட்டம் மனிதருக்கு மனிதர் பாராட்டும் ஒரு பேதம் தெளிவாகப் புலப்படும். டிப்போவுக்குத் திரும்பும் பேருந்தில், சில்லறைத் தகராறு முற்றி, ஒரு பயணி நடத்துநரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நடத்துநர் அரசு நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவராகையால் அவர் பொது ஊழியர். கடமையைச் செய்யவிடாமல் அவரைத் தாக்கிய குற்றத்துக்குப் பாரதிய நியாய சங்கிதையின் 132ஆவது பிரிவு இரண்டு வருஷம் வரை சிறைவாசம் விதிக்கிறது. போலீஸார் நேரே வழக்குப் பதிந்து கைது செய்யலாம். ஜாமீனும் அடித்தவரின் உரிமையாகாது. அதே பயணி கீழே இறங்கி, சாலையைக் கடந்து, ஒரு பேக்கரிக்குள் நுழைந்து, அதே சில்லறைக்காக அங்கே டீ ஆற்றும் பையனை அதே கையால் அறைந்தால், அது சாதாரணக் காயம் விளைவித்த குற்றமாக 115ஆவது பிரிவில் அடங்கிவிடும். அதற்கு உச்சபட்ச தண்டனை ஒரு வருஷச் சிறையும் 10,000 ரூபாய் அபராதமும்தான். ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். மாஜிஸ்திரேட்டின் உத்தரவில்லாமல் போலீஸார் புலன்விசாரணை தொடங்கவும் அதிகாரமில்லை.

இந்தப் பேதத்தை வகுத்தவர்கள் துர்நோக்கத்தோடு வகுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. சர்க்கார் சிப்பந்தியை அடிப்பது சர்க்காரின் அதிகாரத்தையே அடிப்பதாகும் என்ற கொள்கை, 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 353ஆவது பிரிவில் இடம்பெற்று, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சங்கிதைக்குள்ளும் அநேகமாக மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் இடைப்பட்ட நூற்றறுபது வருஷங்களில், சர்க்கார் தன்னுடைய காரியங்களில் பலவற்றைக் கடைக்காரரின் தோளில் இறக்கி வைத்துவிட்டது. எந்த வயதினருக்கு எதை விற்கக் கூடாது, எந்த மணிக்குமேல் விற்கக் கூடாது, எந்தச் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது, எந்தப் பையில் போட்டுத் தரக் கூடாது என்பதையெல்லாம் தீர்மானிப்பது சர்க்கார். அந்தத் தீர்மானத்தை வாடிக்கைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லி நிற்பவன் சொற்பச் சம்பளத்துக் கடைச் சிப்பந்தி. வேலை அவனிடம் வந்து சேர்ந்தது. வேலைக்குரிய காப்பு மட்டும் வந்து சேரவில்லை.

குன்றத்தூர் வட்டாரத்து ஊராட்சிகளில் ஒன்றாயிருந்த ஐயப்பன்தாங்கல் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும், மெட்ரோ ரயிலுக்கான தூண்களும், சூப்பர் மார்க்கெட்டுகளும், பிரியாணிக் கடைகளும், செல்போன் கடைகளும் நெருங்கி நிற்கும் புறநகராகிவிட்டது. இரண்டாம் ஷிப்டு முடிந்து வருபவர்களுக்காகவும், இராமச்சந்திரா மருத்துவமனைக்கு வந்து போகும் நோயாளிகளின் உறவினர்களுக்காகவும் நெடுநேரம் விளக்கெரியும் இந்தக் கடைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். ஒரு தலைமுறைக்கு முன் திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தவர்களே மிகுதி. இப்பொழுது அவர்களோடு அஸ்ஸாமும் ஒடிஸாவும் பீகாரும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. கடைக்கு மேலேயே அறை, கடையிலேயே சாப்பாடு, ஊரில் சொந்தம், இங்கே ஒருவருமில்லை. இந்த நிலையிலிருப்பவனை அடித்துவிட்டுப் போவது சுலபம் என்பதை அடிக்கிறவர் நன்றாகவே அறிந்திருக்கிறார்.

பத்திரிகைகளில் ஓயாமல் வரும் செய்திகளின் சாரத்தைத் திரட்டி, மருந்துக் கடை ஒன்றைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். இரவு பதினொன்றை நெருங்கும் வேளை. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. கல்லாவில் ஒரு பெண் நோட்டுகளை எண்ணி ரப்பர் பாண்டு போட்டுக்கொண்டிருக்கிறாள். அலமாரிப் பக்கம் ஓர் இளைஞன். பைக்கிலிருந்து இறங்கும் இருவர், ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொல்லி இரண்டு அட்டை கேட்கிறார்கள்.

“சீட்டு இருக்காண்ணா?”

“சீட்டெல்லாம் இல்லப்பா. முதுகுவலி. குடு, கெளம்புறோம்.”

“டாக்டர் சீட்டு இல்லாம குடுக்க முடியாதுண்ணா. இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டுனா லைசென்ஸ் போயிடும்.”

“இன்னாடா, எனக்கே சட்டம் சொல்றியா? நான் யாருன்னு தெரியுமா உனக்கு?”

அடுத்த நிமிஷம் கண்ணாடி மேஜையைத் தாண்டி ஒரு கை இளைஞனின் சட்டையைப் பற்றுகிறது. இருமல் மருந்துப் புட்டிகள் தரையில் உருளுகின்றன. அந்தப் பெண் கல்லாவைச் சாத்துவதா, போனை எடுப்பதா என்று தெரியாமல் திகைத்து நிற்கிறாள். வலிக்காகக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் துர்ப்பழக்கம் சென்னை நகரத்து இளைஞர் சிலரிடம் பரவியிருப்பதால், இத்தகைய மோதல் மருந்துக் கடைகளுக்கு நேரும் பிரத்தியேக அபாயமாகிவிட்டது. அந்த இளைஞன் செய்தது என்ன? 1940ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தையும் அதன் விதிகளையும் அனுசரித்ததைத் தவிர வேறொன்றுமில்லை. கொடுத்திருந்தால் கடையின் லைசென்ஸுக்கு ஆபத்து. கொடுக்காததால் அவன் எலும்புக்கு ஆபத்து. மருந்து ஆய்வாளர் அதே கடைக்கு வந்து அதே மேஜையின் முன் அதே சட்டத்தைச் சொல்லும்பொழுது அடிபட்டிருந்தால், அது 132ஆவது பிரிவாயிருக்கும்.

மற்றக் கடைகளிலும் கதை இதுவேதான். சரக்கு மட்டுமே வேறு. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாதென்று 2003ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் சொல்கிறது; வயதைக் கேட்டுப் பகையைச் சம்பாதிப்பவர் பெட்டிக்கடைக்காரர். இருபத்தொன்று நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது, பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரைதான் கடை என்பவை தமிழ்நாட்டின் விதிகள். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு “ஒரு கட்டிங் மட்டும்ணே” என்று ஷட்டரைத் தட்டுபவரைச் சமாளிப்பவர் விற்பனையாளர். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடை செய்யப்பட்டன, “கேரி பேக் இல்லாம எப்படிடா எடுத்துட்டுப் போறது?” என்ற ஏச்சு காய்கறிக் கடைப் பையனுக்கு. சர்க்கார் விதிகளோடு முதலாளியின் விதிகளும் சேர்கின்றன: விற்ற சாமான் திரும்பப் பெறப்படமாட்டாது, கடன் கிடையாது, சவுண்ட் பாக்ஸ் பணம் வந்ததாகச் சொல்லாதவரையில் பொட்டலத்தைக் கொடுக்கக் கூடாது. வாடிக்கைக்காரரின் போனில் பணம் போய்விட்டதாகக் காட்டும், கடையின் பெட்டியோ மௌனம் சாதிக்கும்; இரண்டும் உண்மையாயிருக்க, நடுவில் நிற்பவன் பொய்யனாகிறான். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஓசியும் மாமூலும் கேட்டு வரும் ரௌடிகளுக்கு, மறுப்பு என்பதே அவமதிப்பு.

இந்தப் புறநகரிலிருந்து வடபழனி செல்லும் ஆற்காடு சாலையில்தான் விருகம்பாக்கம் இருக்கிறது. அங்கே 2018 ஜூலை மாத இறுதியில் ஒரு பிரியாணிக் கடையில் நடந்த சம்பவத்தைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. பிரியாணி தீர்ந்துவிட்டது என்று சிப்பந்திகள் சொன்னதற்காக, தி.மு.க. பிரமுகர் ஒருவர் தம் கூட்டத்தோடு உள்ளே புகுந்து, குத்துச்சண்டைக்காரரைப் போல ஊழியர்களை மாறி மாறிக் குத்திய காட்சி கண்காணிப்புக் காமிராவில் பதிவாகி, ஊரெங்கும் பரவியது. கட்சி அவரைத் தற்காலிகமாக நீக்கியது. வழக்கும் கைதும் தொடர்ந்தன. அன்று எதிர்க்கட்சித் தலைவராயிருந்த மு.க. ஸ்டாலின் அந்தக் கடைக்கு நேரில் சென்று அடிபட்டவர்களுக்கு ஆறுதல் கூறினார். இவ்வளவும் நடந்ததற்குக் காரணம், அடித்தவர் ஒரு பிரமுகராயிருந்ததும், காமிரா ஓடிக்கொண்டிருந்ததும்தான். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால், அது காயத்துக்கு மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் காலை மறுபடி அண்டா கழுவப் போகிற விஷயமாகவே முடிந்திருக்கும்.

சில சமயம் விஷயம் வெறும் அடியுடன் முடிந்துவிடுவதில்லை. 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தை அடுத்த வாரணவாசியில், டாஸ்மாக் மதுக்கடையை மூடிவிட்டு இரவில் வீடு திரும்பப் புறப்பட்ட விற்பனையாளர்கள் இருவர் கத்தியால் தாக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். விற்பனைப் பணத்தோடு இருட்டில் வெளியே வரும் அந்த ஒரு நாழிகைதான் இந்தத் தொழிலில் மிக அபாயகரமான நேரம் என்று டாஸ்மாக் ஊழியர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். பகற்பொழுதிலும் அவர்களுக்கு நிம்மதியில்லை. காலிப் பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம், உயர்நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் 2022இல் நீலகிரியில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பரவியபொழுது, வாங்கும்பொழுதே பத்து ரூபாய் ஏன் கூடுதல் என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாளும் நூறு முறை பதில் சொல்ல நேர்ந்தவர்கள் அவர்களே. டாஸ்மாக் அரசு நிறுவனமாகையால் அதன் ஊழியருக்குப் பொது ஊழியர் என்ற கவசம் சட்டப்படி உண்டு. ஆனால் பக்கத்துக் கடையில் அதே குடிகாரரிடம் சோடாவும் சுண்டலும் விற்று அடிபடுபவனுக்கு அது இல்லை.

கடைச் சிப்பந்திகளுக்கென்று சட்டமே இல்லாமலுமில்லை. 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், சுதந்திரம் பிறந்த அதே வருஷத்தில், வேலை நேரம், வார விடுமுறை, சுத்தம், காற்றோட்டம், வெளிச்சம், தீத் தடுப்பு ஆகியவற்றை ஒழுங்கு செய்தது. நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் கொடுமையை நீக்க, 2021 செப்டம்பரில் சட்டசபை அதில் ஒரு திருத்தம் செய்து, ஒவ்வொரு சிப்பந்திக்கும் உட்கார ஆசனம் வேண்டுமென்று விதித்தது. கேரளம் அதை 2018லேயே செய்திருந்தது. பத்துப் பேருக்குக் குறையாத கடைகள் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கலாமென்று 2019 மே மாதம் அரசாணை பிறந்தபொழுது, இரவில் வேலை செய்யும் பெண்களின் எழுத்துமூலமான சம்மதமும் அவர்களுடைய பாதுகாப்பும் போக்குவரத்தும் நிபந்தனைகளாயின. இவ்வளவிலும், கடைக்குள் வரும் அந்நியர் கைநீட்டினால் என்ன செய்வது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த வரி பாதி உருவிலாவது காணக் கிடைப்பது, வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொந்தரவைத் தடுக்க 2013இல் வந்த சட்டத்தில்தான். அதன் 19ஆவது பிரிவு, வேலையிடத்தில் தொடர்புகொள்ள நேரும் வெளியாரிடமிருந்தும் ஊழியருக்குப் பாதுகாப்பளிப்பது முதலாளியின் கடமை என்று சொல்கிறது. ஆகையால், பில் போடும் பெண்ணின் கையைத் தொட்டுச் சில்லறை வாங்குபவரையும், போன் நம்பர் கேட்டு நச்சரிப்பவரையும், “கஸ்டமர்தானேம்மா, அனுசரிச்சுப் போ” என்று சூப்பர்வைசர் சகிக்கச் சொன்னால், அவர் சட்டத்துக்கு விரோதமாகப் பேசுகிறார்.

மற்றத் தேசங்களில் இந்த விஷயம் எப்படிக் கையாளப்படுகிறது என்பதைப் பார்த்தால், நாம் நிற்கும் இடம் விளங்கும். பிரிட்டனில் கடை ஊழியருக்கெதிரான வன்முறையும் வசையும் 2023–24இல் நாளொன்றுக்கு இரண்டாயிரம் சம்பவங்களைத் தாண்டியதாக அந்நாட்டுச் சில்லறை வணிகர் கூட்டமைப்பின் கணக்கு சொல்கிறது. ஸ்காட்லாந்து 2021 ஆகஸ்டில் ஒரு தனிச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. கடை ஊழியரைத் தாக்குவதும் மிரட்டுவதும் ஏசுவதும் அதன்படி தனிக் குற்றம். அதிலும், வயது வரம்புள்ள பொருளை விற்க மறுத்துச் சட்டத்தை நிறைவேற்றும்பொழுது ஊழியர் தாக்கப்பட்டால் குற்றத்தின் கனம் கூடுகிறது. சர்க்காரின் வேலையைச் செய்பவனுக்குச் சர்க்காரின் காப்பு வேண்டுமென்ற நியாயத்தை இவ்வளவு நேராக ஒப்புக்கொண்ட சட்டம் வேறில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. தென் கொரியாவோ முதலாளியின் பக்கமிருந்து தொடங்கியது: வாடிக்கைக்காரரின் வசையால் ஊழியரின் உள்ளம் நொந்தால், அவருக்கு ஓய்வும் இடமாற்றமும் சிகிச்சையும் தருவது முதலாளியின் கடமையென 2018 அக்டோபர் முதல் விதித்தது. வாடிக்கைக்காரரைத் தெய்வமாக மதிக்கும் மரபுடைய ஜப்பானிலும், தோக்கியோ நகரம் 2025 ஏப்ரல் முதல் வாடிக்கைக்காரரின் அட்டூழியத்தைத் தடுக்க ஓர் ஆணையை அமல்படுத்தியிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019இல் நிறைவேற்றிய 190ஆவது உடன்படிக்கை, வேலையிட வன்முறையைக் கணக்கிடும்பொழுது வெளியார் செய்யும் வன்முறையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

சட்டம் இயற்றிவிட்டால் அடி நின்றுவிடுமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. மருத்துவமனை ஊழியரைத் தாக்குவோருக்கு மூன்று முதல் பத்து வருஷம் வரை சிறை விதிக்கும் சட்டம் 2008லிருந்தே தமிழ்நாட்டில் இருக்கிறது. இருந்தும் 2024 நவம்பர் 13 அன்று, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், பட்டப்பகலில், புற்றுநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். ஆத்திரத்தில் கை ஓங்குபவர் பிரிவின் எண்ணை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆயினும் சட்டத்துக்கு வேறொரு பயன் உண்டு. அடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது: புகாரை வாங்க வேண்டியது போலீஸாரின் கடமையா, தயவா, ஊழியனோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது முதலாளியின் பொறுப்பா, பெருந்தன்மையா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இப்பொழுது இரண்டும் தயவாகவே இருக்கின்றன. “விடுப்பா, ஏரியாக்காரன், நாளைக்கும் கடைக்கு வருவான்” என்று சொல்லிப் பையனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து விஷயத்தை முடிக்கும் முதலாளி கெட்டவரல்லர், அவரும் பயப்படுகிறார். ஆனால் ரௌடி எடுத்துப் போன சாமானின் விலையை அந்தப் பையனின் சம்பளத்திலேயே பிடிக்கும் முதலாளியும் இருக்கிறார். அவர் இரண்டாவது அடி அடிக்கிறார்.

முதலாளி செய்யக்கூடியவை பெரிய செலவுள்ள காரியங்களல்ல. கடை மூடும் வேளையில் ஒருவரை மட்டும் விட்டு வைக்காமல் இருவரை நிறுத்துவது. பணத்தைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் எடுத்துச் செல்லாமலிருப்பது. காமிராவைக் கல்லாவை மட்டும் பார்க்க வைக்காமல் ஊழியர் நிற்கும் இடத்தையும் பார்க்க வைப்பது. எவையெவை விற்கப்படமாட்டா என்பதைச் சிப்பந்தியின் வாயால் சொல்ல வைக்காமல் வாசலில் பெரிய எழுத்தில் பலகையாக மாட்டுவது. தகராறு முற்றும்பொழுது பொருளை விட்டுவிட்டு உள்ளே போய்விட ஊழியனுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைப்பது. வாடிக்கைக்காரரைப் போற்றும், காந்தியடிகள் சொன்னதற்கு ஆதாரமில்லாத ஒரு வாசகத்தை அவர் பெயரால் சுவரில் மாட்டத் தெரிந்த கடைகளுக்கு, ஊழியரை ஏசுபவருக்கு இங்கே விற்பனை இல்லை என்ற ஒரு வாசகத்தையும் பக்கத்தில் மாட்ட இடமிருக்கும்.

அடிபட்டவர் தெரிந்துகொள்ள வேண்டியவையும் சில உண்டு. முதலில் மருத்துவமனைக்குச் சென்று, தாக்கப்பட்டதால் வந்த காயம் என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்ய வேண்டும். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டால் பிறகு வழக்குக்கு அஸ்திவாரமே இராது. 112க்கோ 100க்கோ அழைத்த பிறகு, ஸ்டேஷனில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கை இல்லாவிட்டாலும் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது பெறாமல் திரும்பக் கூடாது. கத்தியோ பாட்டிலோ கொண்டு காயப்படுத்தியிருந்தால் அதைப் புகாரில் தவறாமல் எழுத வேண்டும். ஏனெனில் அபாயகரமான ஆயுதத்தால் காயம் விளைவிப்பது 118ஆவது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறைக்குரிய குற்றம், போலீஸார் தாமாகவே புலன்விசாரிக்க வேண்டிய குற்றம். காமிராப் பதிவு சில வாரங்களில் தானே அழிந்து புதிய பதிவுக்கு இடம் விடும். அதை உடனே நகலெடுத்து, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கோரும் சான்றிதழோடு ஒப்படைக்க வேண்டும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடையில் மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளக்காரர் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருவார், வேலையின் காரணமாக வேலையிடத்தில் ஏற்பட்ட தாக்குதல் காயத்தை வேலைக் காயமாகக் கோரி, கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. இந்த உரிமையைக் கேட்காமலே விடுபவர்கள்தாம் அதிகம்.

மே 5 வணிகர் தினத்தில், வணிகர் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வேண்டுமென்ற குரல் எழுவது புதிதல்ல. அது நியாயமான குரல். ஆனால் அந்தச் சட்டம் வரைந்தெடுக்கப்படும் நாளில், கடையின் கண்ணாடிக்கும் கல்லாவுக்கும் மட்டும் காப்பளித்து, கண்ணாடிக்கு முன்னால் நிற்பவனை மறந்துவிடுமானால், அது பாதிச் சட்டமாகவே இருக்கும். கேட்க வேண்டியது அதிகமில்லை. சர்க்காரின் விதியையோ நிறுவனத்தின் விதியையோ நிறைவேற்றுகையில் கடைச் சிப்பந்தி தாக்கப்பட்டால், அதை நடத்துநர்மீதும் செவிலியர்மீதும் விழுந்த அடிக்குச் சமமாகப் போலீஸார் நேரே விசாரிக்கலாம் என்ற ஒரு பிரிவு. அந்த வழக்கில் ஊழியனோடு நிற்பதும், அவன் நஷ்டத்தை ஈடு செய்வதும் முதலாளியின் கடமை என்ற மற்றொரு பிரிவு. அவை வரும்வரையில், கடையில் வரிசையில் நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. முன்னால் நிற்பவர் பையனிடம் குரலை உயர்த்தும்பொழுது, “அவரை ஏன் சார் ஏசுறீங்க, ரூல் போட்டது அவரா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டுவிட்டால், பெரும்பாலான தகராறுகள் அங்கேயே இறங்கிவிடும், கேட்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.